பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அப்பாவும் நானும் நலம். தைவானில் குழந்தை பிறந்த உடனேயே, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள் என்றும், பச்சை உடம்புக்கு அன்றைக்கே ஊசி எதற்கு, ஒரு மாதம் போகட்டுமே என்று உன் மாமியார் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். பேரப்பிள்ளை மீதுள்ள பாசத்தால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனாலும் இந்த ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடச் சம்மதிக்காதே.

இந்தக் கிருமி பெரியவர்களின் உடம்பில் புகுந்தால், நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே நிலைத்துத் தங்குகிறது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் தங்கிவிடுகிறது. அந்த வயதில் உடம்புக்கு அதைப் பகையென்று அடையாளம் கண்டு விரட்டத் தெரியாது. காய்ச்சலோ காமாலையோ காட்டாமல் கல்லீரலுக்குள் பல பத்தாண்டுகள் இருந்து, தன் மரபணுவைக் கல்லீரல் செல்லின் மரபணுவோடு பிணைத்து, சிலருக்கு நாற்பது ஐம்பது வயதில், குடும்பமே அவர்களை நம்பியிருக்கும் காலத்தில், கல்லீரல் சுருக்க நோயாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. மதுவைத் தொட்டே அறியாதவர்களுக்கும் இது வருகிறது.

நீ வசிக்கும் தைவானில்தான் இது ஐயமற நிறுவப்பட்டது. பால்மர் பீஸ்லி என்ற மருத்துவர் அங்குள்ள அரசு ஊழியர்களில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, இக்கிருமியைச் சுமந்திருப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருநூறு மடங்குக்கும் அதிகம் என்று 1981-இல் வெளியிட்டார். 1984 ஜூலையில் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த அரசு தடுப்பூசி போடத் தொடங்கியது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்டோரில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், பத்தாண்டுக்குள் 0.36 ஆகக் குறைந்ததை 1997-இல் மெய்-ஹுவெய் சாங் குழுவினர் காட்டினார்கள். ஒரு தடுப்பூசி புற்றுநோயைத் தடுக்கும் என்பதை ஒரு நாட்டின் பிள்ளைகளிடமே உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான். உன் மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல், கேட்டுக்கொள்வார்.

உன் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் ஊசி தேவையா என்று அடுத்த கேள்வி வரும். தேவைதான். பரிசோதனை முடிவு தவறலாம், தாள் மாறலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் உறவினர் ஒருவர் தனக்கே தெரியாமல் கிருமியைச் சுமந்திருக்கலாம். உலர்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாள் உயிரோடிருக்கக்கூடிய கிருமி இது. ஒருவேளை உனக்கு இருப்பதாகத் தெரிந்தால், ஊசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டும். அப்போதும் நீ தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை.

ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவ அறையில் இந்த ஊசியை நானே எத்தனையோ குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறேன். வெண்மையாகக் கலங்கிய மருந்தைக் குலுக்கி, அரை மில்லி மட்டும் எடுத்து, தொடையின் வெளிப்பக்க நடுவில் போடுவோம். குழந்தை முகம் சிவந்து வீறிட்டு அழும். தாயின் மார்பில் சேர்த்ததும் அடங்கிவிடும். சில குழந்தைகளுக்கு அந்த இடம் சற்றுத் தடித்திருக்கும், லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். ஆனால் முதல் ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்த தவணைகளுக்கான தேதிகளை அட்டையில் எழுதி வாங்கிக்கொள்.

இன்னொன்று. நீயும் மாப்பிள்ளையும் பிறந்த 1990-களில் நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்ந்ததே 2007-08 வாக்கில்தான். ஆகவே மாப்பிள்ளையையும் இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல். கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் அவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். உன்னுடைய பரிசோதனை முடிவை மருத்துவரிடம் கேட்டு எனக்கு உடனே அனுப்பு.

அன்புடன்,
அம்மா