டாக்புக்கை விட்டு வெளியேறும் முன்: கட்டற்ற இயங்குதளங்களின் ஆவணக் குழுக்களுக்குத் திறந்த மடல்

வணக்கம்.

டாக்புக் எக்ஸ்எம்எல் என்ற, எல்லாவற்றையும் டேக்குகளுக்குள் எழுதும் வடிவத்தில் கிடக்கும் கையேடுகளை எளிய குறியீட்டுக்கு மாற்ற நினைப்பது நியாயம்தான். லினக்ஸ் கெர்னல் 2016இல், 4.8 பதிப்பில், ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியைச் சேர்த்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2021 ஜனவரியில் ஆஸ்கிடாக் என்ற எளிய குறியீட்டு மொழிக்குப் போனது. ஒரு பத்தி திருத்த நாலு டேக்கைத் திறந்து மூட எவருக்கும் பொறுமையில்லை. ஆனால் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்தால், தமிழாக்கம் செய்பவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது.

முதல் இடறல் வேற்றுமை உருபு. ஸ்பிங்க்ஸின் குறியீட்டு மொழியான ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில், ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட இருபுறமும் இடும் குறிகளில் மூடும் குறிக்குப் பிறகு இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும். கோப்புப் பெயரைக் குறிக்குள் இட்டு, ஒட்டியே 'ஐ' என்றோ 'இல்' என்றோ எழுதினால் குறி மூடாது. அதே பத்தியில் முறையாக மூடும் இன்னொரு குறி கிடைக்கும்வரை எல்லாம் அதற்குள் சிக்கும். உருபுக்கு முன் பின்சாய்கோடும் இடைவெளியும் இடலாம், அல்லது சிறுகோடு போட்டு ஒப்பேற்றலாம். ஆஸ்கிடாக்கில் குறியை இரட்டித்தால் போதும்.

அடுத்தது தலைப்பின் அடிக்கோடு. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் தலைப்புக்குக் கீழே அதன் நீளத்துக்குக் கோட்டுக்குறிகள் இட வேண்டும். 'நிறுவுதல்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் புள்ளியை விட்டுவிட்டு உயிர்க்குறிகளைத் தனித்தனியாக எண்ணுவதால் எட்டுக் கோடு கேட்கும். ஐந்து போட்டால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைப் பிழையாக்கி வைத்திருந்தால் ஆவணத்தை உருவாக்கும் பில்டே நின்றுபோகும். தாராளமாக நீட்டிவிடுங்கள், நீளம் கூடினால் பாதகமில்லை.

பிடிஎஃப்தான் பெரிய தலைவலி. ஆஸ்கிடாக்கைப் பிடிஎஃப் ஆக்கும் ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் கருவி நம்பியிருக்கும் பிரான் என்ற நிரல் நூலகம் இந்திய எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதில்லை. 'செயலி' என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. கோளாறு எழுத்துருவில் இல்லை. ஹெச்டிஎம்எல்லாக எடுத்து, அதைப் பிடிஎஃப் ஆக்கும் வீஸிபிரிண்டில் கொடுங்கள். அது எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் சரியாக வரும். ஸ்பிங்க்ஸ் என்றால் இயல்பாக இருக்கும் பிடிஎஃப்லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு நிரலை ஸீலேடெக்ஸாக மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் காட்டுங்கள்.

இவற்றைத் தட்டிப் பார்த்தால் வழிகாட்டி நூல்களுக்கு எங்கள் ஓட்டு ஆஸ்கிடாக்குக்கே, பிடிஎஃப் மட்டும் வேறு வழியில். கெர்னல்போல மூலநிரலின் கமென்ட்டிலிருந்தே ஆவணம் எடுப்பதானால் ஸ்பிங்க்ஸ். மார்க்டவுன் குறியீடு வேண்டாம்; குறிப்புப் பெட்டிக்கும் குறுக்குச் சுட்டுக்கும் ஆளுக்கொரு நீட்சி சேர்ப்பார்கள், நாளை வேறு கருவிக்குப் போனால் எதுவும் ஓடாது.

கட்டளைகளுக்கான உதவிப் பக்கங்களான மேன் பக்கங்களில் கை வைக்காதீர்கள். அவற்றை எழுதும் எம்டாக் மேக்ரோக்கள் ஆப்ஷன் எது, ஆர்குமென்ட் எது என்று பொருளால் பிரித்துச் சொல்கின்றன. அதனால்தான் அவற்றைக் காட்டும் மான்டாக் கருவியின் அப்ரொபோஸ் தேடலில் ஒரு ஆப்ஷனை மட்டும் தேட முடிகிறது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று மாற்றிவிட்டால் அந்தத் தகவல் திரும்பி வராது.

பிஓ4ஏ என்ற மொழிபெயர்ப்புக் கருவியை வைத்து மொழிபெயர்ப்பை இணைப்பவர்களுக்கு ஒன்று: 80 சதவீதத்துக்குக் கீழே மொழிபெயர்த்த கோப்பை அது இயல்பாகவே வெளியிடாது. புது மொழிகளுக்கு அந்த வரம்பைச் சுழியமாக்கி வையுங்கள். மொழிபெயர்க்காத பத்தி ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
தமிழாக்கத் தன்னார்வலர்கள்