கல்பாக்கம் ஈனுலை: சோடியம் விபத்துக்கான அவசரகாலத் திட்டத்தைத் தமிழில் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்
(கையெழுத்திட்டுள்ள மீனவ கிராம மக்கள் சார்பாக),
சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை (எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) வேண்டாம் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. 2004இல் கட்டுமானம் தொடங்கியதையும், அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் அடித்தளக் குழியில் புகுந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது. அடுத்து இன்னும் இரண்டு ஈனுலைகளுக்கும் திட்டம் இருக்கிறது. சரி, வரட்டும். எங்கள் கேள்வி வேறு.

பள்ளியில் சோடியத் துண்டை மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து எடுத்து, பட்டாணியைவிடச் சிறிதாக நறுக்கித் தண்ணீரில் போட்டுக் காட்டுவேன். சீறிக்கொண்டு ஓடும், சில நேரம் தீப்பிடிக்கும். பின்வரிசைப் பையன்கள் கைதட்டுவார்கள். அதே சோடியம்தான் ஈனுலையில் உருகிய நிலையில், ஆயிரம் டன்னுக்கு மேல், வெப்பத்தைக் கடத்தும் வேலையைச் செய்கிறது. பக்கத்திலுள்ள பழைய அணு உலைகளில் அந்த வேலை கனநீருக்கு (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்). சோடியத்துக்கு நல்ல குணமும் உண்டு: 880 டிகிரி வரை கொதிக்காது, அதனால் அதை அதிக அழுத்தத்தில் அடைத்துவைக்கத் தேவையில்லை. 1985 முதல் இயங்கும் சிறிய சோதனை உலையால் கல்பாக்கத்தில் இதைக் கையாண்ட அனுபவமும் இருக்கிறது. ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்தூள்தான் போட வேண்டும். எழும் வெண்புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும்.

இதில் ஒரு வரிகூட எங்கள் கைக்கு வந்த துண்டறிக்கையில் இல்லை. அதில் கதிர்வீச்சு உண்டு, அயோடின் மாத்திரை உண்டு, யாருக்கும் புரியாத அலுவலகத் தமிழும் உண்டு. நான் பார்த்த அவசரகால ஒத்திகையும் காலை பத்து மணிக்கு நடந்தது. வீட்டில் இருந்த பெண்களையும் பெரியவர்களையும் பேருந்தில் ஏற்றி இறக்கினார்கள், அப்புறம் தேநீர் கொடுத்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் விடியலில் கடலில் இருப்பவர்கள். சைரன் அவர்கள் காதில் விழாது. படகை எந்தக் கரைக்குத் திருப்புவது, வடக்கே மாமல்லபுரம் பக்கமா, தெற்கேயா? அன்றைய காற்றைப் பொறுத்தது என்பது எங்களுக்கும் தெரியும். அதை அந்த நேரத்தில் யார், எந்தக் கருவியில் சொல்வார்கள் என்பதுதான் தெரியாது.

ஜப்பானின் மொஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து எரிந்தது. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஆனால் சேதத்தைக் காட்டும் காட்சிகளை வெட்டிவிட்டுக் காணொளியை வெளியிட்டது நிர்வாகம். அது அம்பலமானதும் ஊரின் நம்பிக்கை போனது. 2010இல் மறுபடி இயக்கிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 2016இல் மூடவே முடிவெடுத்தார்கள். கல்பாக்கத்தில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் சின்னக் கசிவானாலும் அன்றைக்கே தமிழில் சொல்லிவிடுங்கள்.

வளாகத்துக்கு வெளியே, 16 கிலோமீட்டர் வட்டத்தில், அவசரகால நடவடிக்கைக்குத் தலைமை தாங்குபவர் தாங்கள் என்பதால் தங்களிடமே வருகிறோம். ஈனுலைக்கென்று தனியாக, ஒரே தாளில், படத்தோடு, பேச்சுத் தமிழுக்குப் பக்கமான மொழியில் ஒரு விளக்கம் வேண்டும். அடுத்த ஒத்திகையை விடியற்காலை நான்கரை மணிக்கு, படகுகள் கடலில் இருக்கும்போது நடத்த வேண்டும். வட்டாரத் தீயணைப்பு வீரர்களுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் சோடியத் தீ பற்றிய பயிற்சி தரப்பட்டிருக்கிறதா, உலர்தூள் கையிருப்பு எங்கே என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

விளக்கத் தாளை எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், சம்பளம் வேண்டாம். அடுத்த மக்கள் குறைதீர்க்கும் நாளில் பதிலுக்காக நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரும் கிராம மக்களும்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல்