காளானை கலர் பாத்து முடிவு பண்ண சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல காட்டுக் காளான் பத்தி கட்டுரை வந்துச்சு, போட்டோ எல்லாம் அருமை, ஆனா ஓரத்துல பெட்டி கட்டி "பளிச்னு கலரா இருந்தா விஷம், வெள்ளையா இருந்தா சாப்பிடலாம், சமைக்கும்போது வெள்ளி ஸ்பூன் கறுத்தா கொட்டிடுங்க"ன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். மூணுமே தப்பு. டெத் கேப்னு சொல்ற அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ் வெளிறின பச்சையா, சில சமயம் கிட்டத்தட்ட வெள்ளையா, பாக்க பாவமா இருக்கும், ஸ்பூனை ஒண்ணும் பண்ணாது, எவ்ளோ வேக வெச்சாலும் விஷம் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல, பல பேருக்கு பாதி நாளே கழிச்சுத்தான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாம் சரியாயிட்ட மாதிரி ஆள் எழுந்து உக்காருவாரு, அந்த நேரத்துலதான் உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கும்.

நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் கிடையாதுங்க, சில வருஷமா பைத்தியம் புடிச்சு காளான் பாத்துட்டு இருக்கேன் அவ்ளோதான் (சாப்பிட மாட்டேன்). முதல்ல கத்துக்கிட்டது ஸ்போர் பிரிண்ட், அதாவது காளான் விதை மாதிரி உதிர்க்குற தூளோட அச்சு. குடையை மட்டும் தனியா எடுத்து செவுள் (குடைக்கு அடியில இருக்குற மடிப்பு) கீழ பாக்குற மாதிரி பேப்பர்ல வெச்சு மேல டம்ளர் கவுத்து ராத்திரி முழுக்க விட்டுடணும். முதல் தடவை வெள்ளை பேப்பர்ல வெச்சேன், காலைல ஒண்ணுமே இல்ல, வேஸ்ட்டுன்னு கசக்கப் போனப்பதான் ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா வெள்ளை மேல வெள்ளைத் தூள்! அதுலருந்து பாதி கறுப்பு பாதி வெள்ளையா பேப்பர் ஒட்டித்தான் வெக்கிறேன். இன்னொரு நாள் ஒண்ணு கெடச்சுது, வெள்ளைக் குடை, மேல பழுப்பு செதில், செவுளும் வெள்ளைதான், ஆனா மறுநாள் பேப்பர்ல சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி கோடு கோடா பாசிப் பச்சையில தூள். பச்சையா தூள் போடுற காளான் உலகத்துலயே ரொம்ப கம்மி, அது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ், தின்னா வயித்தைப் புரட்டி எடுத்துடும். உங்க பெட்டிப்படி பாத்தா அது நல்ல காளான்.

1821ல வர ஆரம்பிச்ச தன்னோட புத்தகத்துலயே ஸ்வீடன்காரர் எலியாஸ் ஃப்ரீஸ் செவுள் காளானை எல்லாம் இந்தத் தூள் கலரை வெச்சுத்தான் பிரிச்சாரு. அதுவும் முழுசா போதாதுன்னு பின்னாடி தெரிஞ்சுது, கருகருன்னு மை மாதிரி கரைஞ்சு ஒழுகுற காளானை எல்லாம் கொப்ரைனஸ்னு ஒரே பேர்ல ரொம்ப காலமா வெச்சிருந்தாங்க, டிஎன்ஏ பாத்தா பாதிக்கு மேல சொந்தமே இல்ல, 2001ல ஒண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் வேற மூணு பேரினத்துக்கு மாத்திட்டாங்க. 2012லருந்து பூஞ்சையை அடையாளம் காண ஐடிஎஸ்ங்கிற டிஎன்ஏ துண்டைத்தான் பார்கோடு மாதிரி வெச்சிருக்காங்க. காளான் ஆராய்ச்சியையே தொழிலா வெச்சவங்களே இப்படி ஏமாந்திருக்காங்க, நாம ஸ்பூனை வெச்சு கண்டுபிடிச்சிடுவோமா?

அப்புறம் கட்டுரையில ரெண்டு இடத்துல "இந்தச் செடி"ன்னு வருது. 1969ல விட்டேக்கர்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர் பூஞ்சைக்குன்னு தனி உலகமே பிரிச்சுட்டாருங்க, அதோட செல் சுவர்ல இருக்குறது பூச்சி ஓட்டுல இருக்குற அதே கைட்டின், சொந்தம்னு பாத்தா செடியை விட நமக்குத்தான் கிட்ட. சரி அதை விடுங்க, அதனால யாரும் சாகப் போறதில்ல.

திருத்தம் போடுறப்ப உள்பக்க மூலையில நாலு வரி போடாம அதே ஞாயிறு இணைப்புல அதே சைஸ் பெட்டியில போடுங்க. கூடவே தண்டோட அடிப்பகுதி போட்டோ ஒண்ணு வேணும், டெத் கேப்புக்கு மண்ணுக்குள்ள கிண்ணம் மாதிரி ஒரு உறை இருக்கும், தோண்டி எடுத்தாத்தான் அது தெரியும். நீங்க போட்ட போட்டோ எல்லாத்துலயும் தண்டை பாதியில வெட்டியிருந்தாங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்