அடிபம்பு மாதிரி ஒரு துப்பாக்கி

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் "ஆமாண்டா, வாங்கிட்டேன்" என்று ஒரு வரி போட்டதற்கு இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறாய். "பல்லியை அடிக்கவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற ஆள் நீ, உனக்கு எதுக்குடா துப்பாக்கி?" என்று கேட்டிருந்தாய். வீட்டில் உன் தங்கச்சியும் இதையேதான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

தீபாவளிக்கு முந்தின வாரம், எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ராத்திரி 2 மணிக்குப் பின்கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் நுழைந்துவிட்டான். வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும். குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு போன் செய்திருக்கிறார். வந்தவன் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போலீஸ் வண்டி வர 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. நாங்கள் இருப்பது ஊரைத் தாண்டி. டெக்ஸஸில் எல்லாமே தூரம். நம் கம்பம் ஊரில் "திருடன்" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே விளக்குமாறும் உலக்கையுமாக வந்து நிற்கும். இங்கே எங்களுக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கேள்விப்பட்ட அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை.

வாங்குவது உன் அப்பா பட்ட பாடு மாதிரி இல்லை. அவர் லைசென்சைப் புதுப்பிக்க கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் மாறி மாறி நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே எச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கும்வரை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, வாங்க முடியாது. கிரீன் கார்டு வந்தால் முடியும். கடையில் 4473 என்று ஒரு படிவம். வழக்கு உண்டா, போதைப் பழக்கம் உண்டா, குடியுரிமை என்ன என்று வரிசையாகக் கேள்வி. கடைக்காரர் அதை எஃப்.பி.ஐ.யின் பதிவில் சரிபார்த்தார். எனக்கு ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்தான் ஆனது. அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க நாம் அலைந்த அலைச்சல் ஞாபகம் இருக்கிறதா?

வாங்கியது மேவரிக் 88 என்கிற பம்ப் ஷாட்கன், முன்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுகிற வகை. நம் ஊர்க் கணக்கில் 12 போர். வரியோடு 250 டாலருக்குள் முடிந்தது. மாஸ்பெர்க் கம்பெனியின் விலை குறைந்த வகை இது. மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்டே ஆற்றோரம் இருக்கும் ஈகிள் பாஸ் என்ற ஊரில் செய்கிறார்கள். அவர்களுடைய பேர்போன மாஸ்பெர்க் 500-க்கும் இதற்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. குழலைக்கூட ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டலாம். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம், தவறிப்போய் வெடிக்காமல் விசையைப் பூட்டி வைக்கிற பொத்தான். 500-இல் அது முதுகின்மேல், கட்டைவிரலுக்கு நேராக இருக்கும். இதில் விசைக்குப் பக்கத்தில் குறுக்கே ஓடும், வலக்கைக்காரர்களுக்கு வாகாக. நானோ, உனக்குத்தான் தெரியுமே, பீச்சாங்கை. கணக்கு வாத்தியாரிடம் ஸ்கேலால் அடி வாங்கியும் மாறாத கை. இந்தப் பொத்தானுக்காக மாறப்போகிறதா? தினமும் பத்து நிமிடம், தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒற்றை விரலைப் பழக்கினேன்.

நீ கணக்குப் பைத்தியம் என்பதால் ஒன்று சொல்கிறேன். 12 போர் என்றால் என்ன தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக, லட்டு மாதிரி பிடித்தால் ஓர் உருண்டை கச்சிதமாக உட்காரும் குழல். விட்டம் 18.5 மி.மீ. அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுத்துப்போகிறது. 20 போர் 15.6 மி.மீ.தான். இத்தனை வருஷம் உன் அப்பாவின் இரட்டைக்குழலை "டுவெல் போர், டுவெல் போர்" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தோமே, அர்த்தம் தெரிந்தா சொன்னோம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை திறந்தவெளி சுடுதளத்துக்கு இரண்டு பேரும் போனோம். காதுக்குள் பஞ்சு மாதிரி அடைப்பான், அதற்கு மேல் பெரிய காதுமூடி. அப்படியும் முதல் வெடி நெஞ்சுக்குள் கேட்டது. முதலில் பறவைக்குச் சுடும் சின்னப் பால்ரஸ் தோட்டாக்கள். ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், உதையும் கம்மி. அப்புறம் மான் வேட்டைக்குப் போடுவது. அதில் ஒன்பதே குண்டு, ஒவ்வொன்றும் எட்டு மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அது தோளில் விட்ட உதை இருக்கிறதே, முட்டுகிற மாட்டுக்கு முதுகைக் காட்டியது மாதிரி. உதை குறைத்த தோட்டா என்றே தனியாக விற்கிறார்கள் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது, தோளில் ஐயோடெக்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது.

மூன்றாவது வெடியில் மானம் போனது. விசையை இழுத்தேன், "டிக்" என்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். முன்பிடியை நான் பாதிதான் பின்னால் இழுத்திருக்கிறேன். பாதி இழுத்தால் பழைய கூடு மட்டும் வெளியே விழும், அடுத்த தோட்டா ஏறாது. முழுக்க இழுத்து முழுக்கத் தள்ள வேண்டும். அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்கு நம் தெருமுனை அடிபம்புதான் கண்முன் வந்தது. அரை அடி அடித்தால் காற்றுதானே வரும்? பயந்த கை அரை அடிதான் அடிக்கும் என்றும் அவர் சொன்னார். அதற்குப் பிறகு அடிபம்பை நினைத்துக்கொண்டே அடித்தேன், ஒன்றும் சிக்கவில்லை. உன் தங்கச்சிக்குத் தோளில் வைக்கிற பின்கட்டை நீளம், கை எட்டவில்லை. அப்படியும் என்னைவிட நன்றாகச் சுட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை. கட்டையைக் குட்டையாக மாற்ற முடியும், ஆர்டர் போட்டிருக்கிறேன்.

சரி, உனக்கு உண்மையில் சொல்ல வந்தது வேறு. கடைக்காரர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, ஷாட்கன் என்றால் குறியே பார்க்க வேண்டாம், சிதறிப் போய் எங்காவது படும். இரண்டு, முன்பிடியை இழுக்கிற "சளக் சளக்" சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான். இரண்டாவதை நான் நம்பவில்லை. இருட்டில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்கு அறிவிப்பதும் அதே சத்தம்தானே. முதலாவதைக் காகிதத்தில் பார்த்தேன். எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து நடைபாதைக் கோடி வரை 21 அடி. அளந்து வைத்திருந்தேன். அதே தூரத்தில் அட்டையை மாட்டிச் சுட்டால் ஒன்பது குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிட்டன. குறி ஒரு முழம் தப்பினால் ஒன்பதும் தப்பும்.

தப்பினால் எங்கே போகும்? வீட்டுக்கு வந்து நடைபாதையில் நின்று பார்த்தேன். நேர் எதிரே, கோடியில், பாப்பாவின் அறை. அவள் கட்டில் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி. இங்கே உள்சுவர் என்பது நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் இல்லை மாப்பிள்ளை. மரச்சட்டம், இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெறும் காற்று. கோபத்தில் குத்தினால் கை உள்ளே போய்விடும். அந்த ஒன்பது குண்டுக்கு அப்படி இரண்டு மூன்று சுவர் ஒரு பொருட்டே இல்லை. 250 டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கும்வரை, ஆறு வருஷமாக இருக்கிற வீட்டின் சுவரை நான் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

சிறிய பால்ரஸ் தோட்டாவே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சுவரில் குறைவாகப் போகும், ஆளையும் குறைவாகத்தான் நிறுத்தும். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் உன் தங்கச்சிதான் வழி சொன்னாள். இரண்டு நாள் கட்டில், பீரோ எல்லாம் நகர்த்தி பாப்பாவை எங்கள் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம். நடைபாதைக் கோடி அறை இப்போது பூஜையறை. அதற்கு அந்தப் பக்கம் செங்கல் வெளிச்சுவர், அப்பால் வெறும் மேய்ச்சல் நிலம். "அப்போ சாமியைத்தான் சுடுவியா?" என்று பாப்பா கேட்டாள். முருகன் கையில் வேல் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார் என்றாள் அம்மாக்காரி.

துப்பாக்கி இப்போது படுக்கையறை அலமாரிக்குள், எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டியில். சுடுகிற தோட்டா உட்காரும் குழல் அறை காலி. கீழே நீளக்குழாயில் மட்டும் தோட்டா. பதினேழு வயது ஆகாத பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விடுவது டெக்ஸஸில் குற்றம். சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். பெட்டி விலை துப்பாக்கி விலையில் பாதிக்கு மேல். பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும், நிலையில் நீளத் திருகாணியும், வாசலில் ஆள் வந்தால் எரிகிற விளக்கும் போட்டேன். எல்லாம் சேர்த்து 100 டாலர்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குத் தூக்கம் வந்தது அந்தத் தாழ்ப்பாள் போட்ட ராத்திரிதான். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை போய் அடிபம்பு அடித்துவிட்டு வருகிறோம்.

அப்பா போன பிறகு அவருடைய இரட்டைக்குழல் ஸ்டேஷனிலேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, உன் பேருக்கு மாற்றப்போகிறாயா, விட்டுவிடப்போகிறாயா? காட்டுப்பன்றி இப்போதும் தோட்டத்துக்குள் இறங்குகிறதா? அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா என்றும் எழுது. ஜூன் மாதம் பள்ளி விடுமுறைக்கு மூன்று பேரும் வருகிறோம். திராட்சை இருந்தால் கொஞ்சம் எடுத்து வை.

உன் பழைய பெஞ்சுக்காரன்