டாங்கிக் கூடத்தில் துணைக்கு வந்த ஐயாவுக்கு

அந்தப் பெரிய போர் வரலாற்று அருங்காட்சியகத்தில், டாங்கிகள் நிற்கும் கூடத்துக்குப் போகும் மின்தூக்கி அன்று பழுது. அறிவிப்பை மாட்டியதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வருபவர் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

தன்னார்வலர் அட்டை அணிந்திருந்த ஐயா, நான் வாய் திறக்கும் முன்பே வந்து நின்றீர்கள். கைப்பிடியைத் தொடாமல், "தள்ளட்டுமா?" என்று முதலில் கேட்டீர்கள். அப்படிக் கேட்பவர்கள் அபூர்வம். பிறகு பழுதுபார்க்கும் பட்டறையின் கதவைத் திறக்கச் சொல்லி, சரிவுப் பாதை வழியாக உள்ளே அழைத்துப் போனீர்கள்.

அதோடு போயிருந்தாலே பெரிய உதவிதான். ஆனால் நீங்கள் நிற்கவில்லை. முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய டாங்கி வகையின் முன் நிறுத்தி, உள்ளே எட்டுப் பேர், எஞ்சினுக்கும் தங்களுக்கும் நடுவே தடுப்புச் சுவர்கூட இல்லாமல், அதன் சூட்டிலும் புகையிலும் வெந்ததை விவரித்தீர்கள். சங்கிலிப் பட்டையின் இரும்புத் தகடுகள் என் முகத்துக்கு நேரே இருந்தன. "நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது" என்று சிரித்தீர்கள்.

பதக்கங்கள் இருந்த பேழை உயரம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் விளக்கின் பளபளப்பு மட்டும். நீங்கள் என் அருகே குந்தி, என் கண்மட்டத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லையே!" என்று கோபப்பட்டீர்கள். கைப்பேசியை மேலே தூக்கிப் படமெடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டினீர்கள். உங்கள் கோபம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த ஐயாவைத் தெரிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள். மிக்க நன்றி, ஐயா. விமானக் கூடம் இன்னும் பாக்கி. நீங்கள் பணியில் இருக்கும் நாளாகப் பார்த்து வருகிறேன்.