ஏசி வாங்கும் முன் ஈபி கார்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏசி வாங்குவோருக்கு நீங்கள் வெளியிட்ட யோசனைகளில் ‘5 ஸ்டார்தான் எப்போதும் லாபம்’ என்று இருந்தது. எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது என்பதை என் தங்கை வீட்டில் பார்த்தேன்.

கடைக்காரர் ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். 5 ஸ்டார் வாங்கினால் 3 ஸ்டாரைவிட வருஷத்துக்கு 240 யூனிட் மிச்சம், யூனிட் 10 ரூபாய், ஆக 2,400 ரூபாய். கூடுதல் விலை 9,000, நாலே வருஷத்தில் திரும்பிவிடும். அவளும் நம்பி, குடும்ப பென்ஷனிலிருந்து தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த 240 யூனிட் எங்கிருந்து வந்தது? ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட், ஏசி 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. தங்கை சித்திரை, வைகாசியில் மட்டும் ராத்திரி ஆறு மணி நேரம் போடுகிறாள். மொத்தம் 360 மணி நேரம். அதற்கு மிச்சம் 54 யூனிட்தான். ஏசி ஓடினாலும் இரண்டு மாத ரீடிங் 400-ஐத் தாண்டாத வீடு அது. அங்கே யூனிட் 5 ரூபாய்க்கும் கீழே. ஆக வருஷத்துக்கு மிஞ்சுவது 250 ரூபாய் சுமார். 9,000 ரூபாய் எப்போது திரும்பும்?

என் வீட்டில் நேர்மாறு. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, வேலூர் வெயில். பகலெல்லாம் காய்ந்த தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்கும். மார்ச் முதல் ஜூலை வரை தினமும் பத்து மணி நேரம் ஏசி ஓடுகிறது. விலை குறைவு என்று 3 ஸ்டார் வாங்கினேன். கோடையில் இரண்டு மாத ரீடிங் 740. 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டுகிறது. 5 ஸ்டார் வாங்கியிருந்தால் வருஷம் 2,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். 5 ஸ்டார் எனக்குத்தான் தேவைப்பட்டது, தங்கைக்கு அல்ல.

இன்னொன்று, இரண்டு மாத ரீடிங்கில் 500 யூனிட் என்ற எல்லை. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 499-க்கும் 501-க்கும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். 480-லிருந்து 520-க்குள் ரீடிங் நிற்கும் வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு, முதல் முறையாக ஏசி வாங்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே பல. அவர்களுக்காகக் கேட்கிறேன். அடுத்த கோடை இதழில் இரண்டு மாத ரீடிங் 400, 500, 700 என்று தனித்தனியே பிரித்து, ஏசி ஓடும் மணி நேரத்தையும் சேர்த்து ஒரு அட்டவணை போடுங்கள். கடைக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போகட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வேலூர்.