ஒரு ஓட்டுதானே என்று சொன்னாயே

கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "குடியுரிமை வாங்கியாச்சும்மா, ஆனா ஓட்டெல்லாம் யாரு போய்ப் போடுறது, என் ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நீ இருக்கும் அமெரிக்காவில் ஃபேனி லூ ஹேமர் என்று ஒரு கறுப்பின அம்மா இருந்தார். மார்ட்டின் லூதர் கிங்கை உனக்குப் பள்ளிப் பாடத்திலிருந்தே தெரியும், இவரைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 1917இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர், 20 பிள்ளைகளில் கடைசி. ஆறு வயதில் பருத்தி பறிக்க இறங்கினார், பன்னிரண்டு வயதோடு படிப்பு நின்றுபோனது. 1961இல் ஒரு கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், ரொம்ப நேரம் திறக்க முடியவில்லை.

கறுப்பின மக்களுக்கும் ஓட்டுப் போடும் உரிமை உண்டு என்பதே 44 வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவர் இருந்த ரூல்வில் ஊரின் சர்ச்சில் 1962 ஆகஸ்ட்டில் ஒரு கூட்டம் நடந்தது, அங்கே இளைஞர்கள் சிலர் வந்து சொன்னார்கள். பெயர் பதிய யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் கை தூக்கிவிட்டார். ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பஸ்ஸில் ஏறி இண்டியானோலாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு பரீட்சை, மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அந்தச் சட்டத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்திருந்தது என்று பின்னாளில் சொன்னார். தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் மறித்து, பஸ்ஸுக்கு அடித்திருக்கும் மஞ்சள் நிறம் தப்பு என்று டிரைவருக்கு அபராதம் போட்டது! எல்லாரும் கையில் இருந்ததைச் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். பயத்தில் உறைந்திருந்த அந்த பஸ்ஸில் சர்ச் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தது இவர்தான்.

வீட்டுக்கு வந்தால் தோட்ட முதலாளி காத்திருக்கிறார். மனுவைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியே போ என்கிறார். 18 வருஷம் உழைத்த இடம். "நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரியே வெளியேறினார். பத்து நாளில், அடைக்கலம் தந்த வீட்டின் மேல் அவரைக் குறிவைத்து 16 குண்டுகள் பாய்ந்தன. அதற்குப் பிறகும் மறுபடி பரீட்சை எழுதி 1963 ஜனவரியில் தேறினார். ஜூன் மாதம் ஒரு பயிற்சி முகாம் முடிந்து ஊர் திரும்பும்போது வினோனா என்ற இடத்தில் கைது செய்து, சிறையில் இருந்த இரண்டு கறுப்பினக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி அவர்கள் கையாலேயே அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் கண்ணும் கெட்டுப்போயின, சாகிற வரைக்கும் சரியாகவில்லை. வழக்கு நடந்தது, போலீஸ்காரர்கள் விடுதலையாகிவிட்டார்கள்.

இதைச் சொல்லத்தான் கண்ணு இவ்வளவு எழுதினேன். ஒரு ஓட்டில் ஒன்றும் இல்லை என்றால், பருத்தி பறிக்கிற ஒரு பெண்ணின் ஓட்டைத் தடுக்க இத்தனை பேர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? அதன் மதிப்பு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1964இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே வேட்பாளராக நின்றார், தன் வாழ்க்கையின் முதல் ஓட்டைத் தனக்கே போட்டார். தோற்றுப்போனார், அதனால் என்ன. அதே வருஷம் ஆகஸ்ட்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. வெள்ளையர் மட்டும் இருந்த மிசிசிப்பி குழுவை ஏற்கக் கூடாது என்று வாதாட 60க்கும் மேற்பட்டவர்களோடு போய், தன்னை அடித்த கதையைக் கமிட்டி முன்னால், டிவி கேமராக்களுக்கு முன்னால் சொன்னார். அந்தப் பேச்சு நேரலையில் போகக் கூடாது என்று அதே கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பலிக்கவில்லை, ராத்திரிச் செய்தியில் நாடே பார்த்தது. கடைசியில் சமரசமாக மாநாட்டில் இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். பெரிய தலைவர்கள் சிலரே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று இவர் மறுத்துவிட்டார். படிப்பில்லாத ஒருவர் அந்தச் சபையில் அப்படி நிமிர்ந்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்த வருஷம் அதே ஜான்சன் 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மிசிசிப்பியில் அதுவரை 100 கறுப்பினத்தவரில் ஏழு பேர்கூடப் பதிவு செய்திருக்கவில்லை, 1967இல் அது 60ஐ நெருங்கிவிட்டது. அந்தக் கையெழுத்துக்கு இரண்டு மாதம் கழித்து, அதே 1965இல் அக்டோபர் 3 அன்று, ஜான்சன் குடியேற்றச் சட்டத்தையும் மாற்றினார். அதற்கு முன்னால் இந்தியாவுக்கு என்று ஒதுக்கியிருந்தது வருஷத்துக்கு வெறும் 100 பேர். உன் படிப்பும் உழைப்பும் உன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மை, ஆனால் அந்தக் கதவு திறந்தது இவர்கள் அடிபட்ட அதே காலத்தில். உனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம்.

ஹேமர் ஓட்டோடு நிற்கவும் இல்லை. பசித்தவர்களை மிரட்டுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். அதனால் 1969இல் கூட்டுறவுப் பண்ணை ஒன்று தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிகளையும் கொடுத்து, அவை குட்டி போட்டதும் அதில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்காகத் திருப்பித் தரச் சொன்னார். 1977இல் 59 வயதில் இறந்தார், கையில் பணம் எதுவும் இல்லாமல்.

நான் எத்தனை தேர்தல் டியூட்டி பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோதும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், பெஞ்சில் படுத்திருக்கிறேன். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் கிழவிகள் நடுங்குகிற விரலை நீட்டும்போது, மை வைத்த பிறகு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீயும் ஒருமுறை அப்படி நின்றால் போதும் எனக்கு.

யாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன், அது உன் பாடு. வீடு மாறினாயே, புது முகவரிக்குப் பதிவை மாற்றிவிட்டாயா? அதை முதலில் பார். அங்கே விரலில் மை வைக்க மாட்டார்களாம், ஒரு ஸ்டிக்கர் தருவார்களாமே. அதை ஒட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா